உத்தியோக மனுதர்மம்

தூத்துக்குடியில் 2018-ஆம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி, ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட வேண்டுமென்று நூறாவது நாளாகக் கிளர்ச்சி செய்த ஜனங்கள் கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். போலீசார் சுட்டார்கள். மறுநாளும் சுட்டார்கள். 13 பேர் மாண்டார்கள். அவர்களில் பள்ளிக்கூடப் படிப்பை அப்போதுதான் முடித்த ஒரு பெண்ணும் உண்டு.

இதைக் கேட்டு "எல்லாம் தலைவிதி" என்று பெருமூச்சு விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! தோழர்களே, குண்டு வைகுண்டத்திலிருந்து வருவதில்லை. போலீஸ் ஆயுதக் கிடங்கிலிருந்து வருகிறது. எத்தனை தோட்டா யாருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பி வந்தது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆகவே எவன் சுட்டான், எவன் சுடச் சொன்னான் என்பது சர்க்காருக்குத் தெரியாத பரம ரகசியமல்ல. தெரிந்த பிறகு என்ன நடந்தது என்பதே நமது கேள்வி.

கலெக்டரும் போலீஸ் சூப்பரிண்டெண்டும் மறுநாளே மாற்றப்பட்டார்கள். ஜனங்களும் ஏதோ தண்டனை கிடைத்துவிட்டதாக நினைத்து ஆறுதல் கொண்டார்கள். மாற்றல் என்பது தண்டனையா? அதே சம்பளம், அதே அந்தஸ்து, ஊர் மட்டும் வேறு. அன்றைய தென்மண்டல ஐ.ஜி.யோ பின்னர் ஏ.டி.ஜி.பி.யாகவே உயர்ந்தார்.

ஓய்வு பெற்ற ஹைக்கோர்ட் நீதிபதி அருணா ஜெகதீசன் அவர்கள் தலைமையில் கமிஷன் வைத்தார்கள். முழு அறிக்கை வர நான்கு வருஷம் பிடித்தது. 2022 அக்டோபர் 18-ந் தேதி அது சட்டசபையில் வைக்கப்பட்டது. அதில் கண்டதென்ன? ஜனங்களைச் சுட வேண்டிய அவசியம் இருந்ததில்லை, போலீசார் கலெக்டர் ஆபீஸ் பூங்காவில் மறைந்து நின்று, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள், ஐ.ஜி. முதல் கான்ஸ்டபிள் வரை போலீசார் 17 பேர் மீதும், கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். இதைச் சொன்னது கிளர்ச்சிக்காரரல்ல, சர்க்காரே நியமித்த நீதிபதி.

அதன் பின் உடனே சஸ்பெண்டு ஆனவர்கள் யார்? ஒரு இன்ஸ்பெக்டரும் மூன்று போலீஸ்காரர்களும். மற்றவர்கள் மீது இலாகா நடவடிக்கை என்று சொல்லப்பட்டது.

மனுதர்மத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மற்ற ஜாதியானுக்குத் தலையை வாங்கும் குற்றத்துக்குப் பார்ப்பானுக்கு மொட்டையடிப்பதே போதுமென்றும், அவன் எவ்வளவு பெரிய பாவம் செய்தாலும் சொத்துக்கும் உடம்புக்கும் சேதமில்லாமல் ஊரைவிட்டு அனுப்பினால் போதுமென்றும் அதன் எட்டாவது அத்தியாயம் விதித்திருக்கிறது. சொத்தோடும் சுகத்தோடும் ஊரைவிட்டு அனுப்புவதற்கு இக்காலப் பெயர்தான் டிரான்ஸ்பர்! மனுவைக் கொளுத்திவிட்டோமென்று பெருமை பேசுகிறோம். அவன் செகரட்டேரியட்டில் பைல் கட்டிக்கொண்டிருக்கிறான்.

நிற்க, கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம். ஆனால் கலவரக் கூட்டத்தைக் கலைப்பதற்காகச் செய்த காரியம் என்று சொல்லிவிட்டால் போலீஸ்காரன் மீது வழக்கு நடத்த சர்க்காரின் முன்அனுமதி வேண்டும் என்று கிரிமினல் புரொசீஜர் கோடு 132-ஆவது பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் 151-ஆவது பிரிவாக அது பத்திரமாக இருக்கிறது. சுட்ட துப்பாக்கி சர்க்காருடையது. அதைக் கேள்வி கேட்க அனுமதி தர வேண்டியதும் சர்க்கார்! கமிஷன் முன் சொன்ன சாட்சியமாவது உதவுமா? 1952-ஆம் வருஷக் கமிஷன் சட்டம் 6-ஆவது பிரிவுப்படி ஒருவர் அங்கே சொன்னதை அவருக்கு விரோதமாகக் கோர்ட்டில் காட்ட முடியாது, பொய்சாட்சி வழக்கு நீங்கலாக. கமிஷனின் சிபார்சும் சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. பின் நான்கு வருஷம் அழுதுகொண்டே சாட்சி சொன்ன தாய்மார் எதற்காகச் சொன்னார்கள்?

கூட்டத்தினர் கல்லெறிந்தார்கள், வண்டியைக் கொளுத்தினார்கள் என்று சில கனவான்கள் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். கொளுத்தினவனுக்குச் சட்டத்தில் ஜெயில் இருக்கிறது. ஓடுகிறவன் முதுகில் குண்டு போட எந்தப் பிரிவு இருக்கிறது? அதிகாரிகளைத் தண்டித்தால் போலீசின் மனோதைரியம் குன்றிவிடும் என்றும் ஒரு வாதம். ஓடுகிறவனைச் சுடும் தைரியம் குன்றுவதால் நாட்டுக்கு என்ன நஷ்டமோ தெரியவில்லை!

வெள்ளைக்காரன் யோக்கியனல்ல. ஆயினும் 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலாபாக்கில் சுட்ட ஜெனரல் டையர் மீது ஹண்டர் கமிட்டி 1920-லேயே அறிக்கை தந்தது; அவ்வருஷமே அவன் பதவி போயிற்று. வழக்குப் போடாமல் அவனையும் தப்பவிட்டார்கள். அந்த அன்னிய ஆட்சி தன் ஜெனரல் விஷயத்தில் ஒரு வருஷத்தில் செய்த அரைகுறைக் காரியத்துக்குக்கூட, நமது சொந்த சர்க்காருக்கு நான்கு வருஷம் போதவில்லை.

இறந்தவர் வீட்டாருக்குப் பணமும் உத்தியோகமும் கொடுத்ததைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். கொடுக்க வேண்டியதுதான்; அது நம் வரிப்பணம். சுடச் சொன்னவர் பென்ஷனிலிருந்து ஒரு காசு பிடித்தார்களா? இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர் எக்கட்சிக்காரரானாலும், அந்த 17 பேரில் எத்தனை பேர் மீது வழக்கு நடத்த அனுமதி கொடுத்தீர்கள் என்று எண்ணிக்கையைக் கேளுங்கள்.