காதை நம்பாதே பாஸ்!

பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ‘வண்டி வேகமெடுக்குதுடா’ என்கிறது மூளை. சரி, நின்றுகொண்டிருக்கும் வண்டியில் உங்கள் சீட்டை மட்டும் யாராவது மெள்ளப் பின்னால் சாய்த்தால்? அப்போதும் முதுகு ஒட்டும். கண் மூடியிருந்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்!

பைலட்களுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டரின் சூட்சுமமே இதுதான். மூடிய காக்பிட் அறை ஒன்று. அதன் அடியில் நீண்டு சுருங்கும் ஆறு கால்கள். 1950-களில் இங்கிலாந்தில் எரிக் கோஃப் என்ற இன்ஜினீயர், டயர்களைச் சோதிக்க இப்படி ஒரு மேடை செய்தார். 1965-ல் ஸ்டூவர்ட் என்பவர், விமானப் பயிற்சிக்கு ஆறு திசையில் அசையும் மேடை பற்றிக் கட்டுரை எழுதினார். பெயர் அவருக்கே போய்விட்டது: ஸ்டூவர்ட் பிளாட்ஃபார்ம்!

டேக்-ஆஃபில் என்ன நடக்கும்? அறை முதலில் முன்னால் ஒரு உந்து உந்தும். ஆனால், கால்களின் நீளம் கொஞ்சம்தானே! அதனால் உங்களுக்கே தெரியாதபடி மெதுவாக மூக்கைத் தூக்கிச் சாய்ந்துகொள்ளும். திரையில் ரன்வே நேராகவே ஓடும். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். காதுக்குள் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. ஆனால் ரொம்ப நிதானமாகச் சாய்த்தால் அவையும் கோட்டை விட்டுவிடும்.

சிமுலேட்டரில் நல்லது செய்யும் இந்த ஏமாற்று, நிஜ வானத்தில் ஆளையே கொல்லும். 2000 ஆகஸ்ட் 23, பஹ்ரைன். கல்ஃப் ஏர் ஏ320 விமானம் தரையிறங்காமல் மறுபடி மேலெழ வேகமெடுத்தது. கும்மிருட்டு, கீழே கடல். வேகத்தை உடம்பு ‘மூக்கு தூக்குது’ என்று தவறாக உணர, பைலட் மூக்கைக் கீழே அழுத்தியிருக்கிறார் என்றது விசாரணை. 143 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அதனால்தான் பைலட்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பதியவைக்கும் பாடம்: இருட்டில் உடம்பு சொல்வதைக் கேட்காதே, எதிரே இருக்கும் மீட்டரைப் பார்!

நமக்கும்தான். ‘படிச்சது போதும்னு தோணுதுடா’ என்று நண்பன் சொன்னால், பழைய கொஸ்டின் பேப்பரை நீட்டுங்கள். அவனுக்கு அதுதான் மீட்டர்!