ஓரிரு இடங்களில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வானிலை ஆய்வு மையத்தைத் திட்டுவதும் தொடங்கிவிடும். ‘ஓரிரு இடங்களில் மழை பெய்ய வாய்ப்பு’ என்பதைச் சொல்லிச் சிரிக்காத வீடு இல்லை. அந்த மையத்திலிருந்து 2016இல் ஓய்வுபெற்ற எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் தோன்றிய காலத்தில், லீவு கிடைக்குமா என்று பிள்ளைகள் அவர் வாயையே பார்த்தார்கள். பெரியவர்களோ, அவர் மழை என்றால் துணி காயப்போடலாம் என்றார்கள்.

‘ஓரிரு இடங்களில்’ என்ற அந்த வாக்கியம் மழுப்பல் அல்ல. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்றால் ‘ஓரிரு இடங்கள்’. 50 வரை ‘சில’, 75 வரை ‘பல’, அதற்கும் மேலே ‘பெரும்பாலான’. உங்கள் தெரு அந்த 25க்குள் வருமா என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாததை எவ்வளவு தெரியாது என்று அளந்து சொல்கிறார்கள். ஜோசியர் எவரும் இவ்வளவு நாணயமாகப் பேசிக் கேட்டதில்லை. அவரை நாம் கேலி செய்வதுமில்லை.

மழை எங்கே என்று ஏன் தெரியாது? 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர், கணினியில் தன் பழைய வானிலைக் கணக்கை மீண்டும் ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். முதலில் பழைய கணக்கை ஒட்டியே போன வானிலை, போகப்போக முற்றிலும் வேறாகிவிட்டது. காற்றையும் ஈரத்தையும் கடைசித் தசமம்வரை அளக்க யாராலும் ஆகாது. கருவிகள் மேம்பட்டிருக்கின்றன, கணிப்பும் மேம்பட்டிருக்கிறது. சந்தேகம் மட்டும் முழுதாகப் போகவில்லை, போகாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் அங்கேயே கிடந்து கொட்டியது. பிறகு கடலை விட்டு வெகுதூரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையைக் கொண்டுபோய் இறக்கியது.

இத்தனைக்குப் பிறகும் வானிலை அதிகாரி மறுநாளும் மைக்கின் முன் உட்கார்ந்தாக வேண்டும். நேற்றுச் சொன்னது பொய்த்திருந்தால் ஊருக்கே தெரியும். இலக்கிய விமர்சகருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ‘தமிழின் ஆகச்சிறந்த நாவல்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். விடிந்ததும் வானம் வந்து மறுக்கப்போவதில்லை.

வீட்டிலும் நமக்கு உறுதியாகப் பேசுகிறவர்தான் வேண்டியிருக்கிறது. பயாப்ஸிக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற ஒருவரைப் பார்க்கப் போகிறோம். ‘ரிப்போர்ட் வரட்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது’ என்ற மருத்துவருக்கு விவரம் போதாது என்று முடிவாகிவிடுகிறது. ‘ஒண்ணும் இருக்காது, கவலையே படாதீங்க’ என்று ஆளாளுக்குச் சொல்லிக் காபி குடித்துவிட்டு எழுந்து வருகிறோம். ஆறுதல் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் தீர்ப்பளித்த பிறகு, அவர் தன் பயத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வார்? வந்தவர்கள் மனம் நோகாதிருக்க அவரும் சிரித்துவைக்கிறார். பெரும்பாலும் அந்தப் பேச்சு அவருக்காக அல்ல, நம் நடுக்கத்தை நாமே அமுக்கிக்கொள்ளத்தான்.

‘என்னன்னு தெரியல, எனக்கும் பயமாத்தான் இருக்கு, ரிப்போர்ட் வாங்கப் போறப்ப நானும் வர்றேன்’ என்று ஒருவர் சொன்னால் காத்திருப்பவருக்குச் சேர்ந்து பயப்படவாவது ஓர் ஆள் கிடைக்கும். நம் குடும்பங்களில், குறிப்பாக ஆண்களில், அப்படிச் சொல்பவர் அபூர்வம். தப்பித்தவறி யாராவது சொல்லிவிட்டால், ‘போன இடத்துல அபசகுனமாப் பேசலாமா, வாயைக் கழுவு’ என்று வீட்டுக்கு வரும்வரை வசவுதான்.