பாட்டு பிறந்த இடம்



அண்மையில் கீழ்பென்னாத்தூரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். திண்ணையில் பேரன் கைபேசியில் 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அருகே பாட்டி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். இருவரிடையே பேச்சில்லை.

"இப்பாடல் எவ்வாறு பிறந்தது, தெரியுமா தம்பி?" என்றோம். அவன் அறியான். ஆதலின் யாமே கூறினோம்.

2021 மார்ச்சில் வெளிவந்த அப்பாடல் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோரின் ஆக்கம். யாருடைய பங்கு எவ்வளவு என்பது குறித்து 2022-இல் கருத்து வேறுபாடு எழுந்தது. அதற்குத் தீர்ப்புரைப்பது நம் பணியன்று. ஆயினும் பாட்டின் ஊற்று அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலையைத் திருத்தியவர்க்குக் காணி நிலமும் சொந்தமில்லை! அவ்வாழ்வைப் பாட்டி சொன்னார், பேரன் செவிமடுத்தான், ஒப்பாரியின் சாயலோடு பாட்டு எழுந்தது. அதன் காணொளியில் வள்ளியம்மாளும் தோன்றுகிறார்.

"நானுந்தான் நடவுல பாடியிருக்கேன் சாமி" என்றார் பாட்டி, தலை நிமிராமல்.

பேரன் கைபேசியை அணைத்தான். "எங்கிட்ட சொல்லவே இல்லையே, ஆயா?"

"நீ கேக்கவே இல்லையே!"

அன்பர்களே, நம் இல்லங்களில் கேட்பாரின்றி மறையும் பாட்டுகள் எத்தனை! இன்றிரவு உணவுக்குப்பின் முதியோரிடம் கேளுங்கள், எழுதி வையுங்கள். சொன்னவர் பெயரையும் மறவாது சேர்த்து எழுதுங்கள்.