டர்ர்ர்... கிழிக்கவா? வெட்டவா?

ஜவுளிக்கடையில பிளவுஸ் பிட் வாங்கும்போது கவனிச்சிருக்கீங்களா பாஸ்? கடைக்காரர் மீட்டர் கம்பியை வெச்சு அளப்பார். கத்தரியால ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு. அப்புறம் ரெண்டு கையாலயும் பிடிச்சு, ‘டர்ர்ர்...’ காசு கொடுத்து வாங்குற துணியை இப்படியா கிழிப்பாங்கனு எனக்கு ரொம்ப நாளாவே கடுப்பு. பாட்டியோட புடவை எனக்குப் பாடம் நடத்துற வரைக்கும்!

மேட்டர் இதுதான். பாட்டி இப்போ இல்லை. அவங்க கட்டின நாலு காட்டன் புடவைகள் மட்டும் பீரோவுல இருந்துச்சு. அக்காவுக்குக் குழந்தை பிறந்ததும், அதையெல்லாம் சேர்த்து ஒட்டுப்போர்வை தைச்சுத் தர்றேன்னு வீராப்பா கிளம்பினேன். இன்ஜினீயரிங் டிராயிங் மார்க் கொடுத்த தைரியம்! ஸ்கேல், பென்சில், கத்தரி சகிதமா தரையில உட்கார்ந்து, அடிப்பக்கத் துணியை நாலு மூலையும் 90 டிகிரியா வெட்டிட்டேன். பார்க்க பக்கா. ஒரு தடவை துவைச்சுக் காயப்போட்டேன். சதுரம் சாய்ஞ்சு, தள்ளாடிக்கிட்டு நிக்குது!

தெருமுனையில மெஷின் போட்டிருக்கிற டெய்லர் அக்காகிட்ட ஓடினேன். பார்த்ததும் சிரிச்சாங்க. “தம்பி, நீ ஸ்கேலைப் பார்த்து வெட்டியிருக்கே. இழையைப் பார்க்கலையே!”

அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு. துணின்னா நீளவாக்குல பாவு, குறுக்குவாக்குல ஊடை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் செங்குத்தா இருக்கணும். துணியை நாம விரிக்கும்போதே கோணலா இழுத்து வெச்சிருந்தா, கத்தரிக்கு அது தெரியாது. போட்ட கோட்டுல போயிட்டே இருக்கும். தண்ணியில நனைஞ்சதும் இழைகள் தன் இடத்துக்குத் திரும்பும். நம்ம சதுரம் காலி!

கிழிச்சா? அங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருது மக்களே. முழுத் துணியை எவ்வளவு இழுத்தாலும் சுலபமா கிழியாது. ஏன்னா, நூத்துக்கணக்கான இழைகள் சேர்ந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கும். ஓரத்துல ஒரு சின்ன வெட்டு விழுந்துட்டா, மொத்த இழுப்பும் அந்த நுனியில இருக்கிற ஒண்ணு ரெண்டு இழை மேல போய் உட்காரும். அது அறும். அடுத்தது அறும். கிழிசல் பக்கத்து வரிசைக்குத் தாவ முடியாம, கூடவே ஓடுற இழை வேலி மாதிரி தடுக்கும். அதான் நூல் பிடிச்ச மாதிரி நேரா போகுது. 1921-ல் ஏ.ஏ.கிரிஃபித், கண்ணாடி ஏன் எதிர்பார்க்கிறதைவிடச் சீக்கிரம் உடையுதுன்னு ஆராய்ஞ்சு, காரணம் குட்டிக் குட்டி விரிசல்கள்தான்னு காட்டினார். அந்தக் கிரிஃபித்தை எனக்குப் புரிய வெச்சது டெய்லர் அக்கா! ஷாம்பு சாஷே ஓரத்துல இருக்கிற சின்ன வெட்டும் இதே டெக்னிக்தான்.

இப்போ கடைக்காரர் நியாயமும் புரியும். ஒரு மீட்டர் துணியை ஒரு முனையில ரெண்டு இன்ச் கோணலா வெட்டிக் கொடுத்தா, நேராக்கும்போது அந்த ரெண்டு இன்ச் வேஸ்ட். கிழிச்சுக் கொடுத்தா வாங்குறவங்களுக்கும் நஷ்டமில்லை, விக்கிறவங்களுக்கும் நஷ்டமில்லை.

இதைக் கேட்டதும் நம்மாளு சும்மா இருப்பானா? வீட்டுக்கு வந்து, பாட்டியோட சுங்குடிப் புடவையை நாலு இன்ச் கட்டம் கட்டமா ‘டர்ர்ர் டர்ர்ர்’னு கிழிச்சுத் தள்ளிட்டேன். அங்கே விழுந்தது அடுத்த அடி. கிழிச்ச ஓரம் கால் இன்ச் அகலத்துக்கு அலை அலையா சுருங்கி, பிசிறு தொங்குது. ஒட்டுப்போர்வைக்குத் தையல் விடுறதே கால் இன்ச்தான்! கட்டத்தோட கட்டம் சேரவே இல்லை. போதாததுக்கு நைஞ்சுபோன இடத்துல கிழிசல் இஷ்டத்துக்கு ஓடி, பாதிப் புடவை போச்சு. கடையில போய் ‘பாட்டி கட்டின புடவை ஒண்ணு கொடுங்க’ன்னு கேட்க முடியுமா, சொல்லுங்க?

ஸோ, நான் விலை கொடுத்துக் கத்துக்கிட்டதை நீங்க ஃப்ரீயா வெச்சுக்கோங்க. பெட்ஷீட், திரை, லைனிங், போர்வையோட அடிப்பக்கம் மாதிரி பெரிய நேர்த் துண்டுன்னா கிழிக்கலாம். அதுவும் சாதா நெசவு காட்டன்ல மட்டும். முதல்ல துணியை நனைச்சுக் காயவெச்சுடுங்க. அரை இன்ச் வெட்டிட்டு, வெடுக்குனு இழுக்காம ஒரே சீரா இழுங்க. டி-ஷர்ட் துணி பின்னல் ரகம், அதுல நேரா கிழியறதுக்கு இழையே கிடையாது. ஜீன்ஸ் துணி கையை உடைச்சுடும். ரெண்டுக்கும் கத்தரிதான். பிரின்ட் கட்டம் போட்ட துணியில கட்டமே இழைக்குக் கோணலா அச்சாகியிருந்தா, கிழிசல் கட்டத்தைக் குறுக்கே வெட்டிட்டுப் போகும். உஷார்!

சின்னக் கட்டம், வளைவு, அளவு பிசகக்கூடாத துண்டுன்னா கண்டிப்பா வெட்டணும். ஆனா, முதல்ல ஒரு ஓரத்தைக் கிழிச்சு இழை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்துட்டு, அயர்ன் பண்ணி, பிசிறை நறுக்கி, அந்த ஓரத்தை வெச்சு ஸ்கேலைப் போடுங்க. கிழிசல் வழி காட்டட்டும், கத்தரி வேலை செய்யட்டும்.

மிச்சமிருந்த துணியில போர்வை தைச்சு முடிச்சாச்சு. நினைச்ச அளவுல பாதிதான். சுங்குடியில ஒம்போதே ஒம்போது கட்டம் தேறுச்சு. அதை நட்டநடுவுல வெச்சேன். பாப்பா கரெக்டா அந்த இடத்துலதான் எச்சில் வடிக்கிறா. துவைச்சுப் பார்த்தாச்சு பாஸ்... கோணவே இல்லை!