அரைக்காலைத் தள்ளிவிட்டால்

கேரம் போர்டைக் கூடத்தில் போட்டு, இஞ்ச் டேப்பை மூலைக்கு மூலை பிடித்தபடி குனிந்திருந்தோம், நானும் தங்கை மகளும். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பாட்டைக் காட்டி, “மாமா, வர்க்கம் வேண்டாம், வர்க்கமூலம் வேண்டாம், நம்ம போதையனார் அப்பவே சொல்லிட்டாருன்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் ஸ்கூல்ல பிதாகரஸ்னு இழுத்தடிக்கிறாங்க?” என்று கேட்டிருந்தாள். எனக்கும் வருஷத்துக்கு நாலு தடவையாவது வருகிற பாட்டுதான்.

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய இரு பக்கங்களில் நீளமானதை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்கைத் தள்ள வேண்டும். மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். போதையனார் பாடியதாகப் பகிரப்படும் அந்தப் பாட்டின் சாரம் இவ்வளவுதான். கூடவே ஓர் உதாரணமும் வரும். நீளம் 4, உயரம் 3. நாலில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளினால் மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, கூட்டினால் 5. சரியான விடை. இன்னும் அக்கறை உள்ளவர்கள் 12, 5 என்ற அளவையும் போட்டுக் காட்டுவார்கள். பத்தரையும் இரண்டரையும் 13. அதுவும் சரி. உதாரணங்கள் அத்தோடு நின்றுவிடும்.

எங்கள் கேரம் போர்டில் ஆடும் பரப்பு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். பாட்டின்படி 64.75-ம் 37-ம் சேர்ந்து 101.75 வர வேண்டும். டேப் 104.6-ஐத் தாண்டி நின்றது. கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் உதைக்கிறது. அவள் டேப்பை எடுத்து மறுபடி வைத்தாள். அடுத்த இரு மூலைகளுக்கும் பிடித்துப் பார்த்தாள். அதேதான்.

“அப்போ பாட்டு தப்பா மாமா?” முகம் வாடிவிட்டது.

“தப்புன்னு தள்ளிடாதேம்மா. ஆனா அது பிதாகரஸ் தேற்றம் இல்ல.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் என் வருத்தம். ஒரு பக்கம், கிரேக்கனுக்கு முன்பே நாம் சொல்லிவிட்டோம் என்று பாட்டைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மறுபக்கம், கணக்குத் தெரிந்தவர்கள் ஒரு சதுரத்தைப் போட்டுப் பார்த்து, விடை வரவில்லை என்று கைவிட்டுப் போகிறார்கள். பாட்டுக்குள் இருக்கும் உழைப்பை இரு தரப்புமே பார்ப்பதில்லை.

இந்தச் சூத்திரமும் தேற்றமும் எந்தெந்த முக்கோணங்களில் ஒரே விடை தரும் என்று ஒருநாள் நோட்டில் சமன்பாடு போட்டுப் பார்த்தேன். இரண்டே விடைகள் வந்தன. சின்னப் பக்கம் பெரிய பக்கத்தில் முக்கால் பங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பன்னிரண்டில் ஐந்து பங்காக இருக்க வேண்டும். அதாவது 3-4-5, 5-12-13, இவற்றின் மடங்குகள். வேறு எந்த வடிவத்துக்கும் பொருந்தாது. பார்த்ததும் சிலிர்த்துப்போனேன். இந்த இரண்டு முக்கோணங்களையும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் ஒத்துவருகிற பங்குகளைத் தேடினால், எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும் தவிர வேறு எதுவும் கிடைக்காது. சூத்திரத்தைச் செய்தவருக்கு இரண்டு முக்கோணங்களும் நன்றாகத் தெரிந்திருந்தன என்பதே என் முடிவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவர் பாலம் கட்டியிருக்கிறார்.

பாலத்தின் மேல் நிற்கும்வரை பயமில்லை. இரண்டு வடிவங்களுக்கும் இடைப்பட்ட எந்த முக்கோணத்திலும் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட வராது. அதைத் தாண்டினால்தான் ஆபத்து. 24 அடி உயரச் சுவரில், அடியில் 7 அடி தள்ளி ஏணி சாத்த வேண்டுமென்றால் 25 அடி ஏணி வேண்டும். பாட்டு 24½ என்கிறது. நீளம் 12, உயரம் 1 என்று எடுத்தால் விடை 11. சாய்ந்து போகிற கோடு நேர்க்கோட்டைவிடக் குட்டையாகிவிடுகிறது!

ஆனால் வேலை செய்கிறவன் கையிலிருந்து பாருங்கள். கயிற்றை ஒருமுறை மடித்தால் அரை. இன்னொரு முறை மடித்தால் கால். மூன்றாவது மடிப்பில் அரைக்கால். அரைக்கால் என்ற சொல்லே எட்டில் ஒன்றைத்தான் குறிக்கிறது. நீளத்தில் ஓர் அரைக்காலை விட்டுவிட்டு, உயரக் கயிற்றைப் பாதியாக மடித்து அதோடு சேர்த்துவிட்டால் தீர்ந்தது. எழுதத் தாள் வேண்டாம், வாய்ப்பாடு வேண்டாம். கூரைக்கு மூங்கில் வெட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தம்பி வீட்டுக்குக் கடைக்கால் எடுத்த நாளில் மேஸ்திரி என்னிடம் நூலைக் கொடுத்து, “இப்படிப் பிடிங்க தம்பி” என்றார். முளை அடித்த மூலையிலிருந்து ஒரு நூலில் மூன்றடியில் அடையாளம் வைத்தார், மற்றதில் நாலடியில். இரண்டுக்கும் குறுக்கே டேப் பிடித்து, ஐந்தடி காட்டும்வரை எதிர்முளையை நகர்த்தச் சொன்னார். பிறகு அதையே ஆறு, எட்டு, பத்து என்று பெரிதாக்கிப் பார்த்தார். “சின்னதுல நூலளவு விலகினா கடைசியில ஜாண் விலகிடும்.” அவர் கர்ணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கர்ணத்தை வைத்துச் செங்கோணத்தை உண்டாக்கினார். பாடப்புத்தகத்தில் மறுதலை என்று வருவது இதுதான். இங்கே 3-4-5 இம்மிகூடப் பிசகாது. பாட்டின் சூத்திரத்தை நம்பிப் பத்துக்குப் பத்து அறைக்கு மூலைக்கு மூலை 13¾ அடி பிடித்திருந்தால், நாலரை அங்குலத்துக்கு மேல் குறைந்து, மூலை மூன்று டிகிரிக்கு மேல் கோணியிருக்கும். தரையில் டைல்ஸ் ஒட்டும்போது சுவரோரம் பல்லிளித்திருக்கும்.

பெயர் காதில் ஒன்றுபோல விழுவதால் போதையனாரையும் போதாயனரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். போதாயனர் பெயரில் உள்ள சுல்ப சூத்திரம் வடமொழியில் உள்ளது; வேள்வி மேடைகளை அளந்து கட்டுவதற்கானது. சுல்பம் என்றாலே கயிறு. நீள்சதுரத்தின் குறுக்கே கட்டிய கயிறு தன் மேல் எழுப்பும் பரப்பு, இரு பக்கங்களும் தனித்தனியே எழுப்பும் பரப்புகளின் கூடுதல் என்று அது முழுத் தேற்றத்தையே சொல்கிறது. எந்த முக்கோணத்துக்கும் பொருந்தும் விதி இது. 3-4, 12-5, 15-8, 7-24 என்று பக்கங்களையும் அடுக்குகிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னால், கி.மு. 1800 வாக்கில், ஒரு பாபிலோனியர் ஈரக் களிமண்ணில் பதினைந்து வரிசை எண்களைப் பதித்தார். இப்போது அந்தப் பலகை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் ஒரு வரிசை தருகிற முக்கோணம் 12709, 13500, 18541. பெருக்கிப் பாருங்கள், ஓர் எண்கூடப் பிசகாது. யார் முந்தி என்ற போட்டியில் பிதாகரஸே பிந்தியவர்தான். நம் பாட்டுக்கு அந்தப் போட்டியில் இடம் தேட வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்டும் அவளுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. “பிதாகரஸ் மட்டும் எல்லாத்துக்கும் எப்படி மாமா சரியா வரும்?”

பழைய காலண்டர் அட்டையில் 3, 4, 5 அளவில் ஒரே மாதிரி நாலு முக்கோணங்கள் வெட்டினோம். ஒரு தாளில் பக்கத்துக்கு 7 சென்டிமீட்டர் சதுரம் போட்டு, நாலு மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். நடுவில் சாய்ந்த ஒரு வெற்றிடம் விழுந்தது. நான்கு பக்கமும் 5. தாள் முழுவதும் 49, அட்டைகள் நாலும் சேர்ந்து 24, மிச்சம் 25. பிறகு அவளையே நகர்த்தச் சொன்னேன். இரண்டிரண்டாகச் சேர்த்து இரு நீள்சதுரங்கள் ஆக்கி, எதிரெதிர் மூலைகளில் ஒதுக்கினாள். இப்போது வெற்றிடம் இரண்டு சதுரங்களாகப் பிரிந்தது. ஒன்று பக்கத்துக்கு 3, இன்னொன்று 4.

“அதே தாள், அதே அட்டை. அப்போ வெத்திடமும் அதே அளவுதானே!” என்றாள். அட்டைகளைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள், மறுபடி ஒதுக்கினாள். நான் எதுவும் சொல்லவில்லை. 3, 4 என்ற எண்கள் இதில் தேவையே இல்லை, எந்தச் செங்கோண அட்டையை வெட்டினாலும் இதே கதைதான் என்று அவளாகவே கண்டுகொள்ளட்டும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டாள். “கேரம் போர்டுக்கும் வெட்டிப் பார்க்கலாம் மாமா. ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டணும், அவ்வளவுதானே?”