மண்காப்பும் மொழியுரிமையும்

ஒரு மண்ணைக் காக்கும் சட்டம் அம்மண்ணில் வாழ்வோர்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். இவ்வெளிய அறத்தை இந்திய ஒன்றிய அரசு மதித்ததில்லை.

2020ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வெளிவந்தது. மக்கள் கருத்துரைக்க வேண்டிய அவ்வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்க்குமாறு தில்லி உயர்வழக்குமன்றம் அவ்வாண்டு சூன் 30இல் ஆணையிட்டது. அரசோ ஆட்சிமொழிச் சட்டப்படி அவ்விரு மொழிகளே போதுமென வழக்காட உச்ச வழக்குமன்றம் ஏறியது. உழவனும் மீனவனும் படிக்கவியலாத தாளில் அவர்தம் கழனியும் கடலும் எழுதப்பட்டன!

கட்டடப் பெருக்கத்திலோ நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான கட்டடங்கட்குச் சுற்றுச்சூழல் முன்னிசைவு வேண்டும். ஆயின் ஊர்மக்களைக் கலந்து கேட்பதினின்று அவற்றுக்கு விலக்கும் அதே அறிவிக்கை அளித்தது.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் இராம்சார் பட்டியலில் ஏறியது. அதற்குள் அதன் பழம்பரப்பில் பெரும்பங்கு குப்பைமேடும் கட்டடமும் ஆகிவிட்டது. 2015 வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியதும் நாடறிந்தது. கட்டியபின் வளர்க்கும் புல்வெளியும் அழகுமரமும் தூர்ந்த நீர்த்தடத்தை மீட்டுத் தாரா.

கட்டட இசைவு வழங்கும் உள்ளாட்சிகளும் நகரமைப்புத் துறையும் தமிழ்நாட்டரசின் கீழுள்ளவை. எனவே தில்லியை எதிர்நோக்காது, ஒவ்வொரு பெருங்கட்டடத்தின் மதிப்பீட்டையும் நற்றமிழில் ஊரார் முன் வைத்து, அவர்தம் மறுப்பைக் கேட்டபின்னரே இசைவு தருமாறு இவ்வரசு நெறிவகுத்தல் வேண்டும்.