10,000 ரூபாய் பூட்ஸ்... விரிசல் விட்டால் யாரைக் கேட்பது?

பிரிட்டனில் கிராமத்துப் பக்கம் போனால் பெரும்பாலான வீட்டு வாசல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். முழங்கால் வரை உயரமான ரப்பர் பூட்ஸ், காய்ந்த சேறோடு ஜோடி ஜோடியாகச் சுவரில் சாய்ந்து நிற்கும். நாம் 'கம் பூட்ஸ்' என்கிறோமே, அதேதான். அங்கே அதன் பெயர் 'வெல்லிங்டன் பூட்ஸ்'. செல்லமாக 'வெல்லி'. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க, ஆட்டுக்குத் தீவனம் வைக்க, தோட்டத்தைக் கொத்த என எல்லாவற்றுக்கும் வெல்லிதான்.

சாதாரண பிவிசி ஜோடி மலிவாகவே கிடைக்கும். ஆனால், பெயர்பெற்ற பிராண்டின் இயற்கை ரப்பர் ஜோடி என்றால் 100 பவுண்டைத் தாண்டிவிடும். நம் கணக்கில் 10,000 ரூபாய்க்கு மேல். அவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் பல வருடங்களாக ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். பழைய ஜோடி பத்து, பதினைந்து வருடம் உழைத்ததாம். புது ஜோடியோ ஒன்றிரண்டு குளிர்காலத்திலேயே கணுக்கால் மடிப்பில் வெடித்துவிடுகிறதாம். கம்பெனியைக் கேட்டால் ஒழுங்கான பதிலும் இல்லையாம்.

அப்படி என்னதான் ஆச்சு இந்த பூட்ஸுக்கு?

டியூக்கில் தொடங்கிய கதை

வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் டியூக், தன் லண்டன் செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தனக்கு வசதியாக ஒரு பூட்ஸைத் தைத்து வாங்கினார். பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால், அது தோல் பூட்ஸ். ரப்பருக்கு மாறியது 1850-களில்தான். அமெரிக்கரான ஹைரம் ஹட்சின்சன், சார்லஸ் குட்இயரிடமிருந்து ரப்பரைப் பதப்படுத்தும் காப்புரிமையை வாங்கி, 1853-ல் பிரான்ஸில் 'எய்கிள்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1856-ல் ஹென்றி லீ நாரிஸ் என்ற இன்னொரு அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரில் 'நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி'யை ஆரம்பித்தார். இதுதான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற 'ஹன்டர்'.

முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் தண்ணீர் தேங்கி, ராணுவ வீரர்களின் கால்கள் அழுகின. அப்போது இந்த ஒரு கம்பெனி மட்டும் ராணுவத்துக்குச் செய்து கொடுத்த பூட்ஸ், 11 லட்சத்து 85 ஆயிரம் ஜோடிக்கு மேல். 1950-களின் நடுவில் பச்சை வெல்லி வந்தது. ராணி எலிசபெத்தும் அவருடைய கணவரும் அரச அங்கீகார முத்திரை கொடுத்தார்கள். 2005-ல் கிளாஸ்டன்பரி இசைவிழாச் சேற்றில் மாடல் அழகி கேட் மாஸ் ஹன்டரோடு நடந்த புகைப்படம் வெளியானது. விவசாயி போட்ட பூட்ஸ் ஒரே வருடத்தில் ஃபேஷன் ஆகிவிட்டது.

தொழிற்சாலை போச்சு... பெயர் இருக்கு!

கதை திரும்புவது இங்கேதான். கேட் மாஸ் புகைப்படம் வந்த மறுவருடமே, 2006-ல், கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்ப் புது முதலாளிகளிடம் வந்தது. 2008-ல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஊரில் நடந்த உற்பத்தி நின்றது. பூட்ஸ் சீனாவில் தயாராக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வாங்கிய ஜோடிகள் சீக்கிரம் வெடிக்கின்றன என்று பழைய வாடிக்கையாளர்கள் பலர் குறைபட்டார்கள். 2023 ஜூனில் 10 கோடி பவுண்டுக்கும் அதிகமான கடனோடு கம்பெனி மறுபடி விழுந்தது. இந்த முறை பெயரையும் உரிமையையும் வாங்கியது, பல பிராண்ட் பெயர்களைக் கையில் வைத்திருக்கும் அமெரிக்காவின் 'ஆதென்டிக் பிராண்ட்ஸ் குரூப்'.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். பெயர் ஒருவரிடம், தயாரிப்பு இன்னொருவரிடம், விற்பனை மூன்றாவது ஆளிடம் என்று பிரிந்துவிட்டால், வாங்குபவர் எந்தக் கதவைத் தட்டுவது? கம்பெனி விழுந்தால் அது கொடுத்த வாரன்ட்டி என்ன ஆகும்? புது முதலாளி வாங்கியது பெயரைத்தான். பழைய கம்பெனியின் வாக்குறுதிகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் தானாக வந்துவிடாது.

'சீனாவில் செய்தால் மட்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிடவும் கூடாது. பிரான்ஸின் 'லு ஷமோ' பூட்ஸ் இன்று மொராக்கோவில்தான் தயாராகிறது. அதற்கும் நல்ல பெயர் இருக்கிறது. எந்த நாட்டில் செய்தாலும் ரப்பர் கலவை என்ன, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், யார் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. இன்னொரு விஷயம், அந்தக் காலத்தில் சீக்கிரம் வெடித்த ஜோடிகள் குப்பைக்குப் போய்விட்டன. நீடித்து உழைத்தவை மட்டுமே ஞாபகத்தில் நிற்கின்றன. அதையும் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ரப்பர் ஏன் வெடிக்கிறது?

பஞ்சர் கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் அந்த வேலைதான் பூட்ஸுக்கும் அடிப்படை. நல்ல வெல்லி ஒரே வார்ப்பில் வருவதில்லை. கால் வடிவ அலுமினிய அச்சின் மேல் துணி உள்ளுறை மாட்டி, அதன் மேல் ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டி, பிறகு சூட்டில் வேக வைப்பார்கள். ஹன்டரின் உயரமான பூட்ஸ் இப்படி 28 துண்டுகளால் ஆனது.

இயற்கை ரப்பருக்கு எதிரி காற்றிலேயே இருக்கிறது. ஓசோன், வெயில், எண்ணெய், அதிகச் சூடு என எல்லாம் சேர்ந்து ரப்பரை மெல்ல இறுக வைக்கும். நடக்கும்போது அதிகம் மடிவது கணுக்கால் பகுதி. அதனால் முதல் விரிசல் அங்கேதான் விழும். இதைத் தடுக்கத்தான் கலவையில் மெழுகும் பாதுகாப்பு ரசாயனங்களும் சேர்க்கிறார்கள். செலவைக் குறைக்க நினைத்தால், ரப்பரைக் குறைத்து, சுண்ணாம்புக்கல் தூள் மாதிரியான மலிவுப் பொருளை அதிகம் சேர்க்கலாம். கடையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். வித்தியாசம் ஆயிரம் முறை மடித்த பிறகுதான் தெரியும்.

பூட்ஸ் மேல் வெள்ளையாகப் பொடி பூத்தால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் மெழுகு வெளியே வருகிறது, அவ்வளவுதான். துணியால் துடைத்தால் போய்விடும். விரிசல் அப்படியல்ல. அது குறை.

'மெயில் அனுப்புங்க, பார்க்கிறோம்!'

வெடித்த பூட்ஸை விட மனிதர்களை அதிகம் கோபப்படுத்துவது அதற்குப் பிறகு நடப்பதுதான். வழக்கமான பதில்கள் நான்கு. 'இது பயன்படுத்தியதால் வந்த தேய்மானம்.' 'நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை.' 'வாரன்ட்டி முடிந்துவிட்டது.' 'கடையில் கேளுங்கள்.' கடைக்குப் போனால், 'கம்பெனியில் கேளுங்கள்.' இந்தப் பந்து விளையாட்டில் பாதிப் பேர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால், பிரிட்டனின் நுகர்வோர் உரிமைச் சட்டம் (2015) தெளிவாகவே சொல்கிறது. பொறுப்பு, உங்களிடம் விற்றவருக்குத்தான். 'கம்பெனியைக் கேளுங்கள்' என்று கடைக்காரர் கைகழுவ முடியாது. கம்பெனி தரும் வாரன்ட்டி கூடுதல் சலுகை மட்டுமே. அது முடிந்தாலும் சட்ட உரிமை முடியாது.

லண்டன், கிளாஸ்கோ என்று அங்கே வசிக்கும் நம் வாசகர்கள் இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்ஸுக்கு மட்டுமல்ல, கடையில் வாங்கும் மிக்ஸிக்கும் மொபைலுக்கும்கூட இதே விதிதான்.

* 30 நாளுக்குள் குறை தெரிந்தால்: பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம்.

* 6 மாதத்துக்குள்: குறை ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். சரிசெய்தோ மாற்றியோ தர அவருக்கு ஒரு வாய்ப்பு. அதிலும் சரியாகாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

* 6 மாதத்துக்குப் பிறகு: நிரூபிக்கும் பொறுப்பு உங்களுக்கு வரும். உரிமை போய்விடாது. இங்கிலாந்தில் 6 வருடம் வரையும், ஸ்காட்லாந்தில் 5 வருடம் வரையும் வழக்குப் போடலாம். அதற்காக எல்லா பூட்ஸும் 6 வருடம் உழைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கொடுத்த விலைக்கு நியாயமான காலம் உழைத்ததா என்பதுதான் கேள்வி.

* கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால்: பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால் கார்டு நிறுவனத்துக்கும் சமபொறுப்பு உண்டு. நுகர்வோர் கடன் சட்டம் 75-வது பிரிவு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். விற்ற கடையே மூடிப்போனாலும் இந்தக் கதவு திறந்திருக்கும்.

வாங்கும் முன் இரண்டு நிமிடம்

'எங்கே தயாரானது, என்ன ரப்பர், வாரன்ட்டி எத்தனை மாதம், அதில் விரிசலும் அடங்குமா?' இந்த நான்கையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். அரச முத்திரையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அரண்மனைக்குத் தொடர்ந்து சில வருடங்கள் பொருள் கொடுத்தவர்களுக்குக் கிடைப்பது அது. உங்கள் கையில் இருக்கும் ஜோடிக்கான உத்தரவாதம் இல்லை.

ரசீதை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். சேறானால் வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். அதை வைத்தே 'சரியாகப் பராமரிக்கவில்லை' என்று உங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். விரிசல் தெரிந்த அன்றே தேதியோடு போட்டோ எடுங்கள். அதற்குப் பிறகும் போட்டு நடக்காதீர்கள். புகாரை போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். பதில் தர 14 நாள் என்று நீங்களே ஒரு கெடு வையுங்கள். பதில் வராவிட்டால் 'சிட்டிஸன்ஸ் அட்வைஸ்' அமைப்பின் இலவச ஆலோசனை இருக்கிறது.

நல்ல பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்க யாரும் தயங்குவதில்லை. ஆனால், விலையில் பாதி பெயருக்குப் போகிறது என்றால், அந்தப் பெயர் வெடித்த பூட்ஸுக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.

விலை அதிகம் கொடுத்து வாங்கிய பொருள் உங்களையும் பாடாய்ப் படுத்தியிருக்கிறதா? கடைக்காரர் என்ன பதில் சொன்னார்? எழுதி அனுப்புங்கள் மக்களே, அடுத்த வாரம் பேசுவோம்!